ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம்

ஏடுகொண்டலு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெள்ளைச் சட்டை போடுவார். மற்ற நாட்களில் அவர் உடம்பில் இருப்பது மஞ்சளும் மிளகாயும் எண்ணெயும் ஏறி, என்ன நிறம் என்றே சொல்ல முடியாத ஒரு பனியன். கல்யாணச் சமையல்காரருக்கு அது போதும். ஞாயிறு காலையில் குளித்து, தலையைப் படிய வாரி, கறுப்பு உறை போட்ட ஒரு தடிப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பம்ப் ஹவுஸ் தெருவில் நாலு பேர் பார்க்க நடந்து போவார். குண்டூரின் அந்த மூலையில் பாதித் தெரு அப்படித்தான் சர்ச்சுக்குப் போகும். அதனால் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

அவர் போனது ராவிமானு சென்டர் போலீஸ் ஸ்டேஷனுக்கு. கறுப்பு உறைக்குள் இருந்தது அவருடைய மகள் பத்தாவதில் படித்த சமூக அறிவியல் புத்தகம்.

ரவுடி ஷீட் உள்ளவர்கள், அதாவது போலீசின் ரவுடிப் பட்டியலில் பெயர் ஏறியவர்கள், எல்லாரும் ஞாயிறு காலையில் ஸ்டேஷன் முற்றத்தில் வரிசையாகத் தரையில் உட்கார வேண்டும். சர்க்கிள் இன்ஸ்பெக்டரான சி.ஐ. வந்து நாற்காலியில் அமர்ந்து கவுன்சலிங் கொடுப்பார். குடிக்காதே, கூட்டம் சேராதே, பொழுதோடு வீட்டுக்குப் போ என்று ஒரு பாட்டம் சொல்லி முடித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்புவார். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் ஏடுகொண்டலுவுக்கு உயிர் போய் உயிர் வரும். அண்டாவை மனைவி ஆதிலட்சுமியின் பொறுப்பில் விட்டுவிட்டு, "பிரார்த்தனை இருக்குங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடறேன்" என்று கல்யாண வீட்டாரிடம் சொல்லிவிட்டு ஓடுவார். என்ன பக்தி பாருங்கள் என்று அவர்களும் மெச்சிக்கொள்வார்கள்.

ரவுடி ஷீட் என்றதும் பெரிய கதையாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். வாலிபத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், கறி தீர்ந்துவிட்டது என்று இவர் சொன்னதற்கு மாப்பிள்ளை வீட்டு ஆள் ஒருத்தன் இவருடைய அம்மாவை இழுத்துப் பேசினான். கையில் இருந்தது பிரியாணி கிளறுகிற இரும்புக் கரண்டி. அடித்தார். அடித்ததை இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. உடைந்த தோள் எலும்பு உள்ளூர்த் தலைவர் ஒருவரின் அக்கா மகனுடையதாகப் போனதுதான் கிரகசாரம். அந்த வருஷமே இவர் எட்டிக்கூடப் பார்க்காத இரண்டு அடிதடிகளில் இவர் பெயரும் ஏறியது. வழக்குகள் எதுவும் கோர்ட்டில் நிற்கவில்லை, ஷீட் மட்டும் நின்றுவிட்டது. திறப்பதற்கு ஓடோடி வருகிறவர்கள் மூடுவதற்கு மட்டும் பேனாவைத் தொட மாட்டார்கள். ஸ்டேஷன் பலகையில் அவர் படத்துக்குக் கீழே 'கரண்டி ஏடுகொண்டலு' என்று எழுதியிருந்தது. கத்தி என்றும் பிளேடு என்றும் பேர் வாங்கியவர்களுக்கு நடுவில் கரண்டி! பக்கத்தில் உட்காருகிற பிளேடு ராஜுவே அதைப் பார்த்துச் சிரிப்பான்.

கால்வாய்க்கு அந்தப் பக்கம் குடியிருந்தபோது, தெருவில் ஒரு கோழி காணாமல் போனாலும் முதலில் இவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் ரவுடி மகள் என்றே கூப்பிட்டார்கள். அவள் ஒருநாள் அழுதுகொண்டே வந்து புத்தகப் பையைக் கிணற்றடியில் வீசினாள். அதற்குப் பிறகுதான் பம்ப் ஹவுஸ் தெருவுக்குக் குடிவந்தார்கள். இங்கே யாருக்கும் தெரியாது. பீட் பார்க்க வரும் கான்ஸ்டபிள் மஸ்தான்வலி நல்லவர், காக்கியைக் கழற்றிவிட்டு லுங்கியோடு வந்து, "பிரியாணி ஆர்டர் ஒண்ணு இருக்கு மாஸ்டர்" என்று வாசலில் குரல் கொடுத்து, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று, மகன் விஜயவாடாவில் வேலை பார்க்கிறான். இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் ஏடுகொண்டலு பாடுபட்டுச் சேர்த்த சொத்து. அது போய்விடுமோ என்ற பயம் இல்லாமல் அவர் ஒருநாளும் படுத்ததில்லை.

எதிர் வீடு யேசுபாதத்தினுடையது. தெருக்கோடித் தண்ணீர் நிலையத்தில் பம்ப் ஓட்டுகிறவர், ஏடுகொண்டலுவின் வயதுதான், மனைவி பெயர் கருணம்மா. குடிவந்த முதல் வாரமே, "என்னய்யா, பேரு ஏழுமலையான் பேரு, கையில பைபிளு! எனக்குப் பிடிச்சுப் போச்சுய்யா உன்னை" என்று தோளில் கை போட்டவர். உறவு ஏதும் கிடையாது என்றாலும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் பாவாதான். மச்சான் முறை கொண்டாடாமல் அந்த ஊரில் சிநேகிதம் கிடையாது.

ஞாயிறு பத்து மணிக்கு இருவரும் அவரவர் கோயிலிலிருந்து திரும்பி, யேசுபாதத்தின் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்கள்.

"என்ன பாவா, உங்க பாஸ்டரு இன்னைக்கு என்ன பிரசங்கம் பண்ணாரு?"

ஏடுகொண்டலு என்ன செய்வார், பாவம். சி.ஐ. சொன்னதையே எடுத்துவிடுவார்.

"குடிக்காதே, கும்பலா நிக்காதே, அடுத்தவன் சண்டையில மூக்கை நுழைக்காதேன்னு சொன்னாரு பாவா."

"அடடா! எங்க பாஸ்டரு மோசேயைப் பிடிச்சா செங்கடலைத் தாண்டவே ஒரு மணி நேரம் ஆயிடுது. உங்காளு நேரா விஷயத்துக்கு வந்துடறாரு பாரு."

"எலெக்ஷன் முடியற வரைக்கும் வீட்டை விட்டு வெளியே வராதீங்கன்னும் சொன்னாரு."

"பாஸ்டருக்கு எலெக்ஷன்ல என்னய்யா?"

"எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்."

ஒருமுறை வாய் தவறி, இன்றைக்கு பாஸ்டர் ஒருத்தனைக் கன்னத்தில் அறைந்துவிட்டார் என்று சொல்லிவிட்டார். யேசுபாதம் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "சர்ச்சுல அடிப்பாங்களா?" "அன்போடதான் பாவா" என்று ஏடுகொண்டலு சமாளித்தார். இப்படி வருஷக்கணக்காக சி.ஐ.யின் பிரசங்கங்களைக் கேட்டு யேசுபாதம் குடியைக் குறைத்துக்கொண்டதும் உண்டு. மாற்றலாகிப் போன எந்த சி.ஐ.க்கும் அந்தப் புண்ணியக் கணக்கு தெரியாது.

தை மாதக் கடைசியில் யேசுபாதத்தின் மகள் ஜாய்ஸுக்குக் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயமான அன்றே யேசுபாதம் தெருவைக் கடந்து வந்து, "சமையலுக்கு வேற எவனாவது வந்தா என் வீட்டு அடுப்பு எரியாது பாவா, சொல்லிட்டேன்" என்றார். ஏடுகொண்டலு எத்தனையோ பெரிய வீடுகளுக்குச் சமைத்தவர். ஆனால் அன்று ராத்திரி ஆதிலட்சுமியிடம் கோங்குராக் கீரையில் கறி வைப்பதா, கோங்குரா பச்சடி அரைப்பதா என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த வாரம்தான் புது சி.ஐ. கவுன்சலிங் முடிந்த பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஒரேய் கரண்டி! யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு பொண்ணு ஆராய்ச்சிக்கு வருது. கேக்கறதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொல்லு. முடிஞ்சதும் உன் ஷீட்டை மூடச் சொல்லி மேல எழுதறேன்."

பெண்ணின் பெயர் நீரஜா. ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடித்து வைத்துத் துருவேறிய பைக்குகளுக்கு நடுவில் மேஜை போட்டுக் கொடுத்தார்கள். அவள் சம்பிரதாயமாக, சித்தப்பா முறை வைத்து, "பாபாய், உட்காருங்க" என்றாள். அந்தக் கட்டடத்தில் அவரை உட்காரச் சொன்னவர்கள் எல்லாரும் அதுவரை தரையைத்தான் காட்டியிருந்தார்கள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு விஷயம்மா. எங்க தெருவுல யாருக்கும் தெரியக்கூடாது. ஷீட்டு மூடலைன்னாலும் பரவாயில்ல. தெரியக் கூடாது."

"உங்க பேரை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் பாபாய். என் பேராசிரியருக்குக்கூடத் தெரியாது. சத்தியம்."

சத்தியத்தை அவள் கடைசி வரை காப்பாற்றினாள், அதையும் சொல்லியாக வேண்டும்.

அப்பா அடிப்பாரா, பள்ளிக்கூடத்தை ஏன் விட்டீர்கள், முதல் சண்டை யாரோடு, கூட்டாளிகள் யார் யார் என்று நாள் நாளாகக் கேட்டாள். மனிதன் ஏன் தப்பு செய்கிறான் என்பதற்கு அந்த ஸ்டேஷனில் ஆளுக்கொரு சித்தாந்தம் இருந்தது. "ரத்தம்மா, எல்லாம் ரத்தத்துல வர்றது" என்றார் சி.ஐ. சேர்க்கை சரியில்லை என்றார் ரைட்டர். "பசி மேடம், வேற ஒண்ணும் இல்ல" என்று பிளேடு ராஜு ஜன்னல் வழியாகக் கத்திவிட்டு ஓடினான். நீ என்ன நினைக்கிறாய் என்று ஏடுகொண்டலு அவளையே கேட்டார்.

"ஒருத்தரை ரவுடி ரவுடின்னு ஊரே சொல்லிட்டிருந்தா, அவர் கடைசியில ரவுடியாவே ஆயிடறாரான்னு பார்க்கிறோம் பாபாய்."

"ஆகலைன்னா?"

"ஆகலைன்னா, எது அவரைத் தடுத்து நிறுத்துச்சுன்னு பார்ப்போம்."

ஏடுகொண்டலு தலையைக் குனிந்துகொண்டார். ஏன் அடித்தாய் என்று அவரை ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஏன் அடிக்கவில்லை என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கண்ணில் நீர் முட்டியது. மிளகாய்க் கையால் துடைத்துக்கொண்டதில் எரிச்சல் வேறு.

எது தடுத்தது என்று யோசித்துப் பார்த்தார். "எங்க தெருதாம்மா" என்றார்.

ஆராய்ச்சி அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. ஷீட் உள்ள ஒருவரிடம் மட்டும் கேட்டால் ஆராய்ச்சி ஆகாதாம். அதே வயது, அதே படிப்பு, அதே மாதிரி வீடு, அதே மாதிரி பிள்ளைகள், அதே தெரு, ஆனால் ஷீட் இல்லாத இன்னொருவரைத் தேடிப் பிடித்து, அவரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒப்பிடுகிற ஆள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். நீரஜா கெட்டிக்காரப் பெண். தெருவில் வீடு வீடாகப் போய் விசாரித்து, இருந்ததிலேயே மிக நெருக்கமான ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள்.

ஒருநாள் மத்தியானம் ஏடுகொண்டலு வாசலில் மசாலா உலர்த்திக்கொண்டிருந்தபோது, எதிர் வாசலில், தான் ஞாயிறுதோறும் உட்காருகிற நாற்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அவள் இவரை முன்பின் தெரியாதவரைப் போலப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சத்தியம் சத்தியம்தான். இவர் முறத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சாயங்காலம் யேசுபாதமே சிரித்துக்கொண்டு வந்தார். பெரிய வேடிக்கை ஒன்று கையில் கிடைத்தால் அதை முதலில் ஏடுகொண்டலுவிடம் கொண்டுவந்து கொட்டாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

"பாவா, இந்தக் கூத்தைக் கேளு! யூனிவர்சிட்டியிலிருந்து ஒரு பொண்ணு வந்துச்சு. நீங்க திருடியிருக்கீங்களா, உங்கப்பா உங்களை அடிச்சிருக்காரா, ஜெயிலுக்குப் போன சிநேகிதங்க இருக்காங்களான்னு கேக்குது. கருணம்மா உள்ளேயிருந்து துடைப்பத்தை எடுத்துட்டா!"

ஏடுகொண்டலு சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது.

"ஏம்மா, இத்தனை பேர் இருக்க என்னை ஏன் பிடிச்சேன்னு கேட்டேன். உண்மையைச் சொல்லியாகணுமாம் அதுங்களுக்கு. போலீஸ் ரிக்கார்டு இருக்கற ஆளு ஒருத்தன், அவனை மாதிரியே அதே தெருவுல இருக்கற ரிக்கார்டு இல்லாத ஆளு ஒருத்தன், ரெண்டு பேரையும் வெச்சு நிறுத்துப் பாக்கறாங்களாம். யாரும்மா அந்த மகராசன்னு கேட்டேன். அது மட்டும் சொல்ல மாட்டேன்னுடுச்சு. யாரா இருக்கும் பாவா?" யேசுபாதம் உற்சாகமாக விரல் மடக்க ஆரம்பித்தார். "என்னை மாதிரியே ஐம்பதைத் தாண்டினவன். என்னை மாதிரியே ஏழாங்கிளாஸு. ஒரு பொண்ணு, ஒரு பையன். என்னை மாதிரியே வெளியேயிருந்து நம்ம தெருவுக்குக் குடிவந்த..."

விரல் பாதியில் நின்றது.

வாயில் சிரிப்பு அப்படியே இருந்தது, கண்ணில் மட்டும் இல்லை. யேசுபாதம் அவரைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையைப் பார்த்தார். அலமாரி மேல் இருந்த கறுப்புப் புத்தகத்தைப் பார்த்தார்.

"பம்ப் ஆஃப் பண்ணணும். டேங்க் நிரம்பியிருக்கும்" என்று எழுந்து போனார்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு நாற்காலி இரண்டும் வழக்கம்போல் இருந்தன. யேசுபாதம் வெயிலைப் பற்றிப் பேசினார். மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் மிளகாய் விலையைப் பற்றியும் பேசினார். பாஸ்டர் என்ன சொன்னார் என்று மட்டும் கேட்கவில்லை. ஏடுகொண்டலு கேட்பார், கேட்பார் என்று காத்திருந்தார். கேட்டிருந்தால் அன்றைக்கே காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லியிருப்பார்.

நாலு நாள் கழித்து யேசுபாதம் வாசற்படியில் நின்றபடியே, செருப்பைக் கழற்றாமல், சொன்னார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெனாலியிலிருந்து அவங்க ஆளுங்களையே சமையலுக்குக் கொண்டுவர்றாங்களாம் பாவா. நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

"அதனால என்ன பாவா, நல்லபடியா நடந்தா சரி."

வருஷக்கணக்காக அவரிடம் பொய் சொன்னவர் ஏடுகொண்டலு. யேசுபாதம் சொன்ன முதல் பொய் இதுதான். பழக்கமில்லாததால் சரியாக வரவில்லை. ஆதிலட்சுமி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "கருணம்மா காம்பவுண்டு கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கியிருக்கா" என்று மட்டும் சொன்னாள்.

நீரஜா கடைசித் தடவையாக ஸ்டேஷனுக்கு வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. "ரெண்டு பேர் பதிலும் அச்சு அசலா ஒண்ணா இருக்கு பாபாய்! உங்களுக்கும் அவருக்கும் வித்தியாசமே இல்ல. சி.ஐ. சார்கிட்ட சொல்லிட்டேன், ஷீட்டை மூடறாங்க."

"அந்த இன்னொருத்தன் யேசுபாதம்."

அவள் முகம் வெளுத்தது. "நான் உங்க பேரைச் சொல்லவே இல்ல பாபாய்."

"நீ சொல்லலைம்மா. என்னை மாதிரியே ஒருத்தனை அதே தெருவுல தேடினா யாரு கிடைப்பான்? என் சிநேகிதன்தானே கிடைப்பான்? வேற தெருவுல பாத்திருக்கக் கூடாதா?"

"வேற தெருன்னா ஒப்பிட்டுப் பார்க்க..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். "உங்க பதிலையெல்லாம் எடுத்துடறேன். எல்லாத்தையும் அழிச்சுடறேன் பாபாய்."

"என் பதிலை அழிச்சுடுவே. அவன் மனசுலேர்ந்து எதை எடுப்பே?"

கோபமாகச் சொல்லவில்லை. அவள் மேல் கோபப்பட அவரால் முடியவும் இல்லை. மகள் வயசுப் பெண் துருப்பிடித்த பைக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுவதைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டார்.

ஜாய்ஸின் கல்யாணத்துக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை. சி.ஐ. எல்லார் முன்னிலையிலும், ஏடுகொண்டலு மீதிருந்த ஷீட் மூடப்பட்டது என்று படித்தார். "கரண்டி ரிட்டையர் ஆயிட்டான்டோய்!" என்று பிளேடு ராஜு கையைத் தட்டினான். மஸ்தான்வலி பலகையிலிருந்து படத்தைப் பிய்த்து அவர் கையில் கொடுத்தார். இளவயது முகம், நிறைய மீசை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நடந்து வரும்போது கால் தரையில் பாவவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. யாரிடம் சொல்வது? ஷீட் மூடியது என்று சொன்னால் ஷீட் இருந்தது என்று சொல்ல வேண்டும். ஆதிலட்சுமியைத் தவிர ஏற்கெனவே தெரிந்தது தெருவில் ஒரே ஒரு வீட்டுக்குத்தான்.

யேசுபாதம் அன்று சர்ச்சுக்குப் போகவில்லை. பந்தல்காரர்களோடு மல்லுக்கட்டி வியர்த்து விறுவிறுத்து வாசலில் நின்றார். தெனாலிக்காரர்கள் அடுப்பு மூட்டி வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள். கருணம்மா படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கினாள். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் புத்தகமுமாக ஏடுகொண்டலு வருவதைப் பார்த்ததும், வேலை மும்முரத்தில், பழக்க தோஷத்தில், யேசுபாதத்தின் வாயில் அது வந்துவிட்டது.

"என்ன பாவா, உங்க பாஸ்டரு என்ன சொன்னாரு?"

கேட்ட பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

குடிக்காதே என்று சொன்னார் என்று ஏடுகொண்டலு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இனிமே நீ வர வேணாம்னு சொல்லிட்டாரு பாவா."

யேசுபாதத்துக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. முகம் மெல்ல மலர்ந்தது. "நிஜமாவா?"

"நிஜமாத்தான். போர்டுல இருந்த போட்டோவைக்கூடப் பிச்சுக் குடுத்துட்டாங்க."

முதல் தடவையாக இருவருக்கும் நடுவில் உண்மை வந்து நின்றது. யேசுபாதத்தின் கண் கலங்கிவிட்டது. முதல் வாரத்தில் தோளில் போட்ட அதே கையை நீட்டிக்கொண்டு ஓர் அடி எடுத்து வைத்தார்.

"ஏங்க," என்றாள் கருணம்மா, அரிசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல், கொஞ்சம் உரக்க. "நகை வெச்சிருக்கற ரூம் சாவி உங்ககிட்டத்தானே இருக்கு?"

நீட்டிய கை பாதியில் திரும்பி, யேசுபாதத்தின் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. சாவி இருந்தது.

யேசுபாதம் தன் கையையே பார்த்தார். யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அண்டாவுக்கு அடியில தீயைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லு பாவா," என்றார் ஏடுகொண்டலு. "வெங்காயம் அடி பிடிக்குது."

புத்தகத்தைக் கக்கத்தில் சரியாக இடுக்கிக்கொண்டு தெருவைக் கடந்து தன் வீட்டுக்குப் போனார்.